மிஸ்ஸுக்கு எந்த ஊர்?

பள்ளி விட்டு, பெங்களூர் அடுகோடியின் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்த ஜகதாம்பாள், தன் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று உணர்ந்தாள். 1994, ஜூலை மாதத்துத் தூறல். குடையைச் சற்றுச் சாய்த்து, பேக்கரிக்காரரின் கண்ணாடி அலமாரியைப் பார்ப்பதுபோல் நின்றாள். பன்களுக்கும் ரஸ்க்குகளுக்கும் மேலே, கண்ணாடியில் இரண்டு நீல யூனிஃபார்ம்கள் தெரிந்தன. ஒன்று நாகேஷ். பக்கத்தில் ரக்ஷிதா. இரண்டு பேரும் அவளுடைய ஏழாம் வகுப்பு. அவள் நின்றதும் அவர்களும் நின்று, மூடிக் கிடந்த சைக்கிள் கடையின் ஷட்டரை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வந்த முதல் பஸ்ஸில், அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னபோது சுந்தரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினான். லேத் பட்டறையில் வேலை. எதற்கும் சட்டென்று பதறாதவன்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்குமே ஒரே பயம்.

"யாரு அனுப்பிச்சிருப்பாங்க?" என்றான்.

"அந்தப் பையனோட அப்பா ஆட்டோ ஓட்டறார்ங்க. ஆட்டோவுல மஞ்சள் செவப்புக் கன்னடக் கொடி கட்டியிருக்கார்."

"வேலைய விட்டுடு ஜகதா."

வேலையை விடுவது அவ்வளவு சுலபமாக இருந்தால் என்றைக்கோ விட்டிருப்பாள்.

ஜகதாம்பாள் பிறந்து வளர்ந்தது மர்பி டவுனில். அப்பா ராணுவக் குடியிருப்பில் எலெக்ட்ரீஷியன். மகள் கன்னடத்தில் படித்தால் இந்த ஊரில் பிழைத்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டு, தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது இவளை மட்டும் கன்னடப் பள்ளியில் சேர்த்தார். அவர் கணக்கு தப்பவில்லை. அவள் கன்னடத்தைக் கேட்டால் மைசூர்ப் பக்கமோ என்று நினைப்பார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்தாள், கல்யாணம் ஆனது, நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு சந்தில் வாடகை வீட்டில் குடியேறினார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அவள் வீட்டில்தான் கிடப்பார்கள். கூட்டல் கழித்தல் சொல்லித் தருவாள், கூடவே பொரி கொடுப்பாள். சாயங்காலம் ஆனால் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

அதெல்லாம் 1991 டிசம்பர் வரைக்கும்தான். காவிரிக் கலவரத்தின்போது ஒரு கூட்டம் அந்தச் சந்துக்குள் வந்தது. எது தமிழர் வீடு என்று அவர்களுக்குத் தெரியாது. ஜகதாம்பாள் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒருவன், எதிர்வீட்டுச் சுவரோரம் நின்ற ஒரு பையனின் தோளில் கைவைத்து ஏதோ கேட்டான். அவளிடம் பின்னம் கற்றுக்கொண்ட பையன். பன்னிரண்டு வயது. அவன் கையைத் தூக்கி அவள் வீட்டைக் காட்டினான்.

அவளும் சுந்தரமும் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துத் தப்பினார்கள். தையல் மிஷினையும் கட்டிலையும் துணிமணிகளையும் சந்து நடுவில் போட்டுக் கொளுத்தினார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டாள். அதற்காக அவள் அழவில்லை. அந்தக் கை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

மர்பி டவுனுக்கே திரும்பி வந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அடுகோடியில் இந்தக் கன்னட மிடில் ஸ்கூலில் இடம் கிடைத்தபோது, 'ஜகதாம்பாள்' என்ற பெயரின் கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டு 'ஜகதாம்பா' ஆனாள். அந்த ஒரு எழுத்து போனால் அது கன்னடத்துப் பெயர். ஊர் எது என்று கேட்டவர்களிடம் கோலார் என்றாள். அதைவிட முக்கியமாக ஒரு முடிவு எடுத்திருந்தாள்: எந்தப் பிள்ளையும் பக்கத்தில் வரக் கூடாது. பாடம் நடத்தலாம், பரீட்சை வைக்கலாம். பொரி கொடுக்கக் கூடாது.

பிள்ளைகள் இதற்கு அவர்கள் வழியில் பதில் சொன்னார்கள். கன்னடத்தில் ஜகளா என்றால் சண்டை. ஜகதா மிஸ் ஒரே மாதத்தில் ஜகளா மிஸ் ஆனாள்.

ஐந்தாறு வயதுப் பிள்ளை என்றால் சொன்னதை நம்பிவிடும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாத்தியார் எந்த ஊராக இருந்தால் என்ன என்று இருக்கும். இந்தப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுதான் பொல்லாதது. பெரியவர்கள் எங்கே பொய் சொல்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதுதான் அந்த வயதின் முழுநேர வேலை. ஜகதாம்பாள் ஒருநாள் கோலார் என்றாள். இன்னொரு நாள் ஏதோ ஞாபகத்தில் ஆனேக்கல் என்றுவிட்டாள். பின் பெஞ்சில் நாகேஷ் தலையை நிமிர்த்தினான். மறுநாள் காலை கரும்பலகையில் கன்னடத்தில் எழுதியிருந்தது: 'மிஸ்ஸுக்கு எந்த ஊர்?' யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை. அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள்.

அதற்கப்புறம்தான் இந்தப் பின்தொடரல். அவள் தினம் ஒரு வழியாகப் போனாள். கோயிலுக்குள் நுழைந்து மறுவாசல் வழியாக வெளியே வந்தாள். அல்சூர் ஏரிக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தாள். வகுப்பில் நாகேஷைக் கடைசி பெஞ்சின் மூலைக்குத் தள்ளினாள். விடை சரியாக இருந்தாலும் எழுத்து சரியில்லை என்று மார்க்கைக் குறைத்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் எதற்குப் பார்க்கிறான், யாரிடம் போய்ச் சொல்கிறான் என்பதே அவளுக்கு நாள் முழுக்க யோசனை. பள்ளி வாசலில் கொடி கட்டிய ஆட்டோ ஏதாவது நின்றால் அது போகும் வரை வெளியே வரமாட்டாள்.

ரக்ஷிதா விஷயம்தான் புரியவில்லை. வகுப்பில் முதலாவதாக வருகிற பெண். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கை தூக்குகிறவள். இவள் ஏன் அவனோடு சேர்ந்துகொண்டாள்?

ஆகஸ்டில், மதிய உணவு முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டிருந்தபோது அது நடந்தது. சரசு என்றொரு பெண், வகுப்பிலேயே சத்தம் இல்லாதவள். வீட்டில் தமிழ், பள்ளியில் கேட்டால் மட்டும் கன்னடத்தில் ஒரு வார்த்தை பேசுவாள். அவள் திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு அலற ஆரம்பித்தாள். பெஞ்சிலிருந்து கீழே விழுந்து புரண்டாள். பயத்தில் கன்னடம் எல்லாம் மறந்துவிட்டது.

"அம்மா... காதுல பூச்சி! உள்ள போயிடுச்சு, உள்ள ஊருது! எடுங்க மிஸ், எடுங்க!"

ஜகதாம்பாள் ஓடிப்போய் மண்டியிட்டாள். வாய் வரைக்கும் வந்த தமிழை விழுங்கினாள். மற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டாள்: "என்ன சொல்றா இவ? யாருக்காவது புரியுதா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. சரசு தரையில் காலை உதைத்தாள். "உள்ள கடிக்குது மிஸ்!" என்று கத்தினாள்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. "எல்லம்மா, எண்ணெய்!" என்று வராந்தாவில் இருந்த ஆயாவைப் பார்த்துக் கன்னடத்தில் கத்தினாள். "தலைக்கு வெக்கிற எண்ணெய் இருக்கில்ல, அதக் கொண்டா, சீக்கிரம்!" சரசுவின் தலையை மடியில் சாய்த்து, காதை மேலே திருப்பி, எல்லம்மா கொண்டுவந்த தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கறுப்பு வண்டு எண்ணெயோடு மிதந்து வெளியே வந்தது. சரசு அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். பிள்ளைகள் வண்டைப் பார்க்க முண்டியடித்தார்கள்.

நாகேஷ் மட்டும் வண்டைப் பார்க்கவில்லை. மூலையில் நின்று அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லச் சிரித்தான்.

மாலையில் குழாயடியில் அவள் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றான். கன்னடத்தில், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டான்:

"மிஸ், அவ காதுல பூச்சின்னு சொன்னா. யாரும் உங்களுக்கு அர்த்தம் சொல்லலையே. நீங்க எப்படி எண்ணெய் கேட்டீங்க?"

ஜகதாம்பாள் அவன் கன்னத்தில் அறைந்தாள்.

அதுவரை எந்தப் பிள்ளையையும் அவள் அடித்ததில்லை. அறை விழுந்த சத்தம் அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. நாகேஷ் அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, ஏதோ கணக்குக்கு விடை கிடைத்தவன்போலத் தலையாட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் அவன் அப்பா வந்தார்.

தலைமையாசிரியை நோரா அவளை அறைக்குக் கூப்பிட்டாள். நோராவுக்கு ஓய்வு பெறும் வயது. எதையும் சட்டென்று நம்பாதவள், யாரையும் காட்டிக் கொடுக்கவும் மாட்டாள். சான்றிதழ்களில் இருக்கும் முழுப் பெயர் அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. "ரவிக்குமார், நாகேஷோட அப்பா. உன்கிட்ட தனியாப் பேசணுமாம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள். கதவை மட்டும் திறந்தே வைத்துவிட்டுப் போனாள்.

காக்கிச் சட்டை போட்ட அந்த மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே வெளியே அவருடைய ஆட்டோவும் கண்ணாடியோரம் கட்டிய கொடியும் தெரிந்தன. அவர் கதவைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். கன்னடம் கலந்த, தட்டித் தடவிப் பேசிய தமிழ்.

"மிஸ், தமிழ்லயே பேசலாம். பரவால்ல."

அவள் கன்னடத்தில், "எனக்குப் புரியல," என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தமிழிலேயே தொடர்ந்தார்.

"என் சம்சாரம் தமிழ் மிஸ். சந்தாபுரா பக்கம். தொண்ணூத்தொண்ணுல பயந்துபோய் இந்தக் கொடிய கட்டுனேன், ஆட்டோவுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதேன்னு. பையன்கிட்ட வெளியில தமிழ் பேசாதேன்னு நான்தான் சொல்லிவெச்சேன். அவன் இப்போ அவங்கம்மாவ ஸ்கூல் பக்கமே வர விடமாட்டேங்கறான். அல்சூர் மார்க்கெட்டுல உங்களப் பாத்தானாம். கீரைக்காரம்மாகிட்ட தமிழ்ல சண்டை போட்டீங்களாம். அன்னிலேர்ந்து வீட்டுல உங்க பேச்சுதான். நம்ம மிஸ்ஸும் நம்மளாட்டம்னு சொல்லிட்டே இருப்பான்."

ஜகதாம்பாள் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"அடிச்சதுக்கு நான் கேக்க வரல மிஸ். நானும் அடிக்கிறவன்தான். அவன் ஸ்கூலுக்கு வரமாட்டேங்கறான், அதான். மிஸ்ஸே இவ்ளோ பயந்தா நான் எப்படி பயப்படாம இருக்கறதுன்னு கேக்கறான். எனக்கு பதில் சொல்லத் தெரியல."

அவள் மறுபடியும் கன்னடத்தில், "அவனை திங்கட்கிழமை அனுப்புங்க," என்று மட்டும் சொன்னாள். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த மனிதரின் ஒவ்வொரு வார்த்தையையும் அவள் பஸ்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது வாயைக் கிளறும் வேலையாக இருந்தால்? தமிழ் தெரிந்தவனை அனுப்பி, அவளும் தமிழில் பேசியதும் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்? சுந்தரமும் அதையேதான் சொன்னான். "நம்பாதே. சம்சாரம் தமிழ்னு யார் வேணா சொல்லலாம்."

ஞாயிற்றுக்கிழமை அவள் அவனிடம் சொல்லாமல் கிளம்பினாள். அடுகோடியில் நாகேஷின் வீடு இருக்கும் சந்தைத் தேடிக் கண்டுபிடித்து, எதிரே இருந்த மாவு மில்லில் எதற்கோ காத்திருப்பவள்போல நின்றாள். பார்க்கவேண்டியதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஒரு பெண் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கன்னடத்தில்தான் பேசினாள். ஜகதாம்பாளுக்கு மனம் கசந்தது. திரும்பிப் போக அடி எடுத்து வைத்தபோது அந்தப் பெண் வீட்டுக்குள் தலையை நீட்டி, குரலைத் தணித்து, "டேய் நாகு, சோத்துக்குத் தண்ணி வெச்சியாடா?" என்றாள்.

ஜகதாம்பாள் தெருவைக் கடந்து போய் அந்த வாசலில் நின்றாள்.

"நான் நாகேஷோட மிஸ்," என்றாள், தமிழில்.

அந்தப் பெண் சொர்ணம், நாகேஷின் அம்மா. பிழிந்த துணி கையிலிருந்து நழுவியது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க மிஸ், உள்ள வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்தாள். கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டாள். வீட்டுக்குள் அடுப்பங்கரை வாசலில் நாகேஷ் நின்றான். ஓடி ஒளிய இடம் பார்த்தான். ஒற்றை அறை வீட்டில் எங்கே ஒளிவது?

"அடிச்சது தப்பு," என்றாள் அவள். "உன் கேள்வியில தப்பு இல்ல. எனக்குத்தான் பயம்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, பல நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை ஒரேயடியாகக் கேட்டான். "மிஸ், கோவம் வந்தா நீங்க எப்படி கன்னடத்துலயே திட்றீங்க? எனக்கு தமிழ்லதான் வருது. வாய மூடிக்கவேண்டியதா இருக்கு."

சொர்ணம் முதலில் சிரித்தாள். ஜகதாம்பாளும் சிரித்துவிட்டாள். அந்த வருஷம் ஒரு பிள்ளையின் முன்னால் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"பின்னாடி வந்தது எதுக்கு? ரக்ஷிதாவையும் கூட்டிக்கிட்டு?"

"நான் கூப்பிடல மிஸ். நீங்க கோலார் இல்லேன்னு நான் சொன்னேன். அவ நம்பல. மிஸ் பொய் சொல்லமாட்டாங்கன்னு என்கூட சண்டை போட்டா. நிரூபிக்கறேன்னு அவளே வந்தா."

வீடு திரும்பும்போது அவள் கோயில் மறுவாசல் வழியாகப் போகவில்லை. மர்பி டவுன் நிறுத்தத்திலேயே இறங்கினாள். அந்தப் பழைய சந்துப் பையனைப் பற்றி, அவன் காட்டிய கையைப் பற்றி அன்று வேறு விதமாக நினைத்தாள். தோளில் ஒரு முரடனின் கை இருந்தது. சுற்றிலும் தடியோடு ஆட்கள். பன்னிரண்டு வயதில் வேறு என்னதான் செய்வான்? அவன் மேல் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை நாளும் அவன் கையை மட்டுமே பார்த்திருந்தாள். அவன் தோளில் இருந்த இன்னொரு கையைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நாகேஷ் வந்தான். முதல் மணியில் ஜகதாம்பாள் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. கன்னடத்தில் சொன்னாள்: "எனக்கு எந்த ஊர்னு கேட்டிருந்தீங்க. இதே பெங்களூருதான். மர்பி டவுன். வீட்டுல தமிழ் பேசுவோம். கோலார், ஆனேக்கல் எல்லாம் பொய்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்து நிறுத்தினார்கள். சரசு குனிந்த தலையை மெல்லத் தூக்கினாள். ரக்ஷிதா எழுந்து நின்றாள். எப்போதும்போல் கை தூக்கவில்லை.

"யாக்கெ மிஸ் சுள்ளு ஹேளிதிரி?" ஏன் மிஸ் பொய் சொன்னீங்க என்று அவள் கேட்டபோது குரல் உடைந்தது.

"பயம்."

"யாரைப் பாத்து? எங்களைப் பாத்தா?"

ஜகதாம்பாள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சின்ன முகம் அதைத்தான் கேட்டது. "ஆமா," என்றாள்.

ரக்ஷிதா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் தானாகக் கை தூக்கவே இல்லை.

மிஸ் தமிழ் என்பது பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. மர்பி டவுனில் எந்தத் தியேட்டர், என்ன கடை என்றெல்லாம் கேட்டார்கள். ஷில்பா என்ற பெண்ணின் பெற்றோரும் இன்னும் இரண்டு பேரும் நோராவிடம் வந்து முறையிட்டார்கள். நோரா அவளைக் கூப்பிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இவ்வளவு நாள் மறைச்சவ இப்போ எதுக்குச் சொன்னே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?" என்று கடிந்துகொண்டாள். ஆனால் வந்தவர்களிடம், அவள் சொல்லித் தந்த கணக்கு எந்த மொழியில் தப்பாகப் போனது என்று காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள் என்று எல்லம்மா வந்து ரகசியமாகச் சொன்னாள். அதன் பிறகும் ஷில்பாவை அவள் வீட்டார் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

ரக்ஷிதாதான் முடியாத காரியமாக இருந்தாள். ஜகதாம்பாள் அவளை வகுப்புத் தலைவியாக்கினாள், அவள் மறுத்தாள். விடைத்தாளில் பாராட்டி எழுதினாள்; மறுநாள் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்திருந்தது. கூப்பிட்டுப் பேசினால், "ஹௌது மிஸ், சரி மிஸ்," என்று ஆமாம் போடும் பதில். அந்தச் சரிக்குப் பின்னால், இவங்க இப்போ எதுக்கு நல்லவங்களா நடிக்கறாங்க என்ற சந்தேகம் அப்பட்டமாகத் தெரிந்தது. தான் நாகேஷைப் பார்த்த பார்வை அதுதான் என்று ஜகதாம்பாளுக்குப் பட்டது.

இனிப்பாகப் பேசுவதை அவள் நிறுத்தினாள். அந்த வகுப்பிடம் எவ்வளவு சின்ன விஷயத்திலும் பொய் சொல்வதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டாள். விடை தெரியாவிட்டால் தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள், மறுநாள் சொன்னாள். விடைத்தாள் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னால் கண்விழித்தாவது தந்தாள். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்து, வேண்டுமென்றே சோதித்தார்கள்.

"மிஸ், இந்தப் பாடம் உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காது. ஆனா பரீட்சையில வரும்."

"மிஸ், என் படம் நல்லாயிருக்கா?"

"தவளையா இது? கால் சரியா வந்திருக்கு. முகம் எங்க மாமாவாட்டம் இருக்கு."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு முதலில் பயமாக இருந்தது; அடக்க நினைத்தாள், பிறகு விட்டுவிட்டாள். நாகேஷ் மூலையிலிருந்து தானாகவே நடுபெஞ்சுக்கு வந்து சேர்ந்தான். டிசம்பர் பெற்றோர் கூட்டத்துக்கு சொர்ணம் வந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றவளை, நாகேஷே கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தான். "எங்கம்மா," என்றான், தமிழில், எல்லார் முன்னாலும். சுற்றி ஒருமுறை பார்த்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மார்ச்சில் ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் விடைபெற்றபோது ரக்ஷிதா கும்பிட்டாள், ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஜகதாம்பாளும் தடுத்து நிறுத்தவில்லை.

வருஷங்கள் போயின. அவள் அதே பள்ளியில்தான் இருந்தாள். ஒவ்வொரு ஜூனிலும் புதிய வகுப்பு வரும்போது முதல் நாளே வீடு எங்கே, என்ன மொழி என்று தானே சொல்லிவிடுவாள். சிலர் அதைக் கேட்டுவிட்டு வீட்டில் போய்ச் சொன்னார்கள். எப்போதாவது ஒரு தகப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். அவளுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு கிலி வராமல் இல்லை.

2000ஆம் வருஷம், மழைக்காலத்தில், கன்னட நடிகர் ஒருவர் தமிழ்நாட்டில் கடத்தப்பட்டதும் மறுபடி ஊர் அடங்கியது. கடைகளை மூடினார்கள், பஸ்கள் ஓடவில்லை, மர்பி டவுனில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்டார்கள். சுந்தரம் காலையிலேயே பட்டறைக்குப் போய் அங்கே மாட்டிக்கொண்டான். ஜகதாம்பாள் தனியாக இருந்தாள். மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். நெடுநெடுவென்று ஒரு பெண், கல்லூரிப் பையோடு. முகம் எங்கோ பார்த்தது மாதிரி இருந்தது. தனியாகத்தான் வந்திருக்கிறாளா என்று சந்தின் இரண்டு முனையையும் பார்த்தாள். யாரும் இல்லை. அப்படியும் கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை.

"மிஸ், நான் ரக்ஷிதா," என்றது வெளியிலிருந்த குரல், கன்னடத்தில்.

திறந்தாள். அடுகோடியிலிருந்து இவ்வளவு தூரம் எப்படி வந்தாய் என்று கேட்டாள். பாதி தூரம் நடந்து, பாதி தூரம் ஒரு பால்வண்டியில் என்றாள். வீட்டுக்கு வழி எல்லம்மா சொன்னாளாம்.

"எதுக்கு வந்தே? யாராவது ஏதாவது சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்ல மிஸ். சும்னெ பந்தெ."

சும்மா வந்தேன் என்கிறாள். இந்த நாளில் யாராவது சும்மா வருவார்களா? ஜகதாம்பாள் நம்பவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டதற்கும் பேடா, வேண்டாம் என்றாள். நாற்காலியைக் கதவை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சந்தில் சிலர் கூச்சல் போட்டபடி வந்தார்கள். ரக்ஷிதா எழுந்து வாசலில் போய் நின்றாள். யாரோ ஏதோ கேட்டார்கள். அவள் கன்னடத்தில், எரிச்சலோடு, பரீட்சைக்குப் படிக்கிறவர்களை நிம்மதியாக விடமாட்டீர்களா என்று சத்தம் போட்டாள். அவர்கள் போய்விட்டார்கள். அவள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படித்தாள். ஜகதாம்பாள் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கேட்காமலே காபி போட்டாள். இந்த முறை ரக்ஷிதா குடித்தாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் சுந்தரம் வந்தபோது அவள் புறப்பட்டாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் தெருமுனை தாண்டும் வரை காத்திருந்து, கதவை இரண்டு தாழ்ப்பாளும் போட்டான்.

"யாரு அது?"

"என் பழைய ஸ்டூடண்ட்."

"எதுக்கு வந்தா? வீட்ட நோட்டம் பாத்துட்டுப் போறாளோ என்னவோ."

"நானும் அப்படித்தான் நெனச்சேங்க," என்றாள் ஜகதாம்பாள். "நாளைக்கும் வர்றேன்னு சொல்லியிருக்கா. வந்தா கதவைத் திறங்க."

அவன் படுத்துக்கொண்டான். மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. முற்பகலிலிருந்து ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தட்டும் சத்தம் கேட்டதும் ஜகதாம்பாள் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் திரையை விலக்கிச் சந்தின் இரு முனையும் பார்த்தான். பிறகு தாழ்ப்பாளை நீக்கினான். "உள்ள வாம்மா," என்று அவனுக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொல்லி, நாற்காலியைத் தானே எடுத்துக் கதவோரம் போட்டான்.